வாழைப்பழ ஓட்ஸ் குக்கீ: கணவர் ஸ்பூன் கேட்கிறார், எங்கே தப்பு?

கோவைமீனா | சனி, மாலை 6.10

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுத வைத்தது ஒரு தட்டு குக்கீ.

மகள் செமஸ்டர் லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து வந்திருக்கிறாள். வந்த அன்றே, இனி பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன், வீகன் ஆகிவிட்டேன் என்றாள். தயிர் சாதம் இல்லாமல் கை கழுவாத பிள்ளை! சரி, அவள் இஷ்டம், நான் வாதாடவில்லை. சாயங்காலம் கொறிக்க ஏதாவது வேண்டுமே என்று ஓட்ஸ் குக்கீ போட்டேன். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த அளவு: ஓட்ஸ் 2 கப், கனிந்த வாழைப்பழம் 3, பேரீச்சம்பழம் 10 ஊறவைத்து அரைத்தது, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, பாதாம், உலர் திராட்சை ஒரு கைப்பிடி. முட்டையும் இல்லை, மைதாவும் இல்லை.

கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரி, 15 நிமிடம். எடுத்துப் பார்த்தால் மேலே வெளிறிப்போய், அடியில் கருகி, உள்ளே ஈரமாக, சர்க்கரை போட்ட உப்புமா மாதிரி இருக்கிறது. கணவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்பூன் கேட்டார். மகள் தொடவே இல்லை. ருசி காரணம் இல்லை, "தேன் வீகன் இல்லைம்மா" என்றாள். வீடியோவின் தலைப்பிலேயே வீகன் என்றுதான் போட்டிருந்தது.

எங்கே தப்பு? மொறுமொறுவென்று வரவே வராதா?

அடுப்படிவாசி | சனி, மாலை 6.45

அக்கா, வெப்பத்துக்குப் போகும் முன் இரண்டு கேள்வி. என்ன வாழைப்பழம்? என்ன ஓட்ஸ்?

கோவைமீனா | சனி, மாலை 7.02

மோரிஸ், நல்ல பெரிய சைஸ். உண்மையைச் சொன்னால் 3 இல்லை, 4 போட்டேன். தோல் கறுத்துப்போய் யாரும் தொடாமல் கிடந்தது, தூக்கிப்போட மனசு வரவில்லை. ஓட்ஸ் மூன்று நிமிடத்தில் வேகும் என்று போட்டிருக்கிற வகை.

அடுப்படிவாசி | சனி, மாலை 7.40

அப்படியானால் தப்பு உங்கள் அடுப்பில் இல்லை, பழத்தில். தோலுரித்த பெரிய மோரிஸ் ஒன்று 120 கிராம் வரும், அதில் முக்கால் பங்கு தண்ணீர். நான்கு பழம் என்றால் 350 மில்லிக்கு மேல் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், அதன்மேல் ஊறிய பேரீச்சம்பழம், அதன்மேல் தேன். இரண்டு கப் ஓட்ஸ் 200 கிராம் தேறும். 200 கிராம் ஓட்ஸுக்கு 350 மில்லி தண்ணீர் விட்டால் வருவது கெட்டிக் கஞ்சி. அதை நீங்கள் தட்டில் வைத்துச் சுட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 15 நிமிடத்தில் அந்த ஈரம் எங்கே போகும்? ஈரம் இருக்கும்வரை மேல்பக்கம் சிவக்காது, அடியில் மட்டும் சூடான தட்டில் பழச்சர்க்கரை பட்டுக் கருகும்.

"3 வாழைப்பழம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏலக்கி மூன்றா, மோரிஸ் மூன்றா, செவ்வாழை மூன்றா? நம் ஊரில் பழம் என்று சொன்னால் பத்து வகை இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்பில் வாழைப்பழம் என்றால் அது கேவண்டிஷ், நம்முடைய மோரிஸ், ரோபஸ்டா ஜாதி. அதற்கும் எடைதான் பார்க்கவேண்டும். சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், ஓடிஜியைவிட அதுதான் முக்கியம்.

இரண்டாவது, அந்தச் சீக்கிரம் வேகும் ஓட்ஸ். அது மெலிதாக நசுக்கி ஏற்கெனவே பாதி வெந்தது, ஈரம் பட்டதும் குழைந்துவிடும். ரோல்டு ஓட்ஸ் என்று தட்டையாக, அவல் மாதிரி முழுசாக இருப்பதை வாங்குங்கள். ஸ்டீல் கட் என்று நொய் மாதிரி வருவது இதற்கு ஆகாது, பல்லில் கல் மாதிரி கடிபடும்.

நான் செய்கிற அளவு, 20 குக்கீக்கு:

ரோல்டு ஓட்ஸ் 200 கிராம், மசித்த பழம் 150 கிராம் (அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம்), கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 60 கிராம், பீநட் பட்டர் 60 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பொடித்த ஆளி விதை 1 மேசைக்கரண்டி, வால்நட் 30, பாதாம் 30, உலர் திராட்சை 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத் தூள் அரை டீஸ்பூன்.

ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். ரவை வறுக்கிற அதே பக்குவம், நிறம் மாறவேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்கை மிக்ஸியில் மாவாக்கினால் மைதா செய்கிற வேலையை அது செய்யும். எல்லாம் பிசைந்து 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுக்க நேரம் வேண்டும். தேங்காய் எண்ணெயும் 24 டிகிரியை ஒட்டித்தான் உறையும், நம் ஊர் வெயிலில் அது எப்போதும் தண்ணீராகவே இருக்கிறது, குளிர்ந்தால்தான் கலவை கையில் நிற்கும். எடுத்து உருட்டிப் பாருங்கள். கொழுக்கட்டை மாவு மாதிரி நிற்கவேண்டும். விரலில் இழுத்துக்கொண்டு வந்தால் இரண்டு கரண்டி ஓட்ஸ் மாவு சேருங்கள்.

அப்புறம், இந்த வகைக் குக்கீ வெண்ணெய்க் குக்கீ மாதிரி தானாகப் பரவாது. வைத்த வடிவத்திலேயே வேகும். வடை தட்டுகிற மாதிரி ஒரு செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிடுங்கள். 170 டிகிரி, நடுத்தட்டு, பத்து நிமிடம் முன்சூடு, 16 முதல் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் இறுகும்.

சும்மாஎட்டிப்பார்த்தேன் | சனி, இரவு 8.05

எவ்வளவு பெரிய பதில். தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நான் இன்று எங்கேயோ இருந்திருப்பேன்.

ஏத்தன்பழம் | சனி, இரவு 8.30

நாகர்கோவில் பக்கம் இருந்து சொல்கிறேன், இதற்கு மோரிஸே வேண்டாம். நன்றாகப் பழுத்த ஏத்தன், நீங்கள் நேந்திரம் என்பீர்கள், அதைப் போடுங்கள். மற்ற பழத்தைவிட ஈரம் குறைவு, மாவுச்சத்து அதிகம், பிசைந்தால் பசை மாதிரி பிடிக்கும். தோல் முக்கால்வாசி கறுத்த பழமாக இருக்கவேண்டும், மஞ்சளாக இருந்தால் இனிப்பு போதாது, துவர்ப்பு நிற்கும். நான் ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, நடுவில் இருக்கிற கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு மசிப்பேன். பேரீச்சம்பழமே தேவைப்படாது. பழம்பொரி செய்ய வாங்கி மிஞ்சியதில் ஒருநாள் செய்து பார்த்து, அன்றிலிருந்து வேறு பழம் போடுவதில்லை.

கோவைமீனா | சனி, இரவு 8.50

நேந்திரம் இங்கே தாராளமாகக் கிடைக்கும். நாளைக்கு அதில் செய்கிறேன். தேனுக்குப் பதில் என்ன? கருப்பட்டி போடலாமா? கருப்பட்டி என்றால் மாமியாரும் சாப்பிடலாம், அவருக்குச் சுகர்.

சர்க்கரைக்கணக்கு | சனி, இரவு 9.15

கோவைமீனா எழுதியது: "கருப்பட்டி என்றால் மாமியாரும் சாப்பிடலாம்"

மன்னிக்கவும், இதை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது, வாசனை பிரமாதம், ஆனால் ரத்தத்தில் ஏறுவது சர்க்கரைதான். பேரீச்சம்பழமும் அப்படியே, கொட்டை நீக்கியதில் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, நார்ச்சத்து கூட வருகிறது என்பது மட்டும் ஆறுதல்.

அடுப்படிவாசியின் அளவை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மொத்தம் சுமார் 2,200 கலோரி, 20 ஆகப் பிரித்தால் ஒன்றுக்கு 110. சர்க்கரை ஒன்றுக்கு நாலரை கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல், வெளியில் இருந்து ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமலே. ஒன்று சாப்பிட்டால் பரவாயில்லை. "ஹெல்தி"தானே என்று டிவி பார்த்துக்கொண்டே ஆறு உள்ளே போனால் 660 கலோரி, ஒரு வேளைச் சாப்பாடு.

ஓட்ஸ் கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று பலர் சொல்வதும் இப்படித்தான். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்துதான் அந்த வேலையைச் செய்வது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997ல் ஓட்ஸ் டப்பாக்களில் அதைச் சொல்லிக்கொள்ள அனுமதித்தபோது வைத்த கணக்கு ஒரு நாளைக்கு 3 கிராம். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இந்தக் குக்கீ ஒன்றில் இருப்பது 10 கிராம் ஓட்ஸ். ஏழெட்டுக் குக்கீ தின்று கொலஸ்ட்ராலைக் குறைக்கிறேன் என்றால் 800 கலோரி ஆகிவிடும். கஞ்சியாகக் குடியுங்கள், குக்கீயைக் குக்கீயாகச் சாப்பிடுங்கள்.

மாமியாருக்கு: பேரீச்சம்பழத்தையும் திராட்சையையும் விட்டுவிட்டு, பழத்தையும் நூறு கிராமாகக் குறைத்து, வேர்க்கடலை, பாதாம், எள் அதிகம் போட்டுத் தனியாக நாலு தட்டலாம், அதிலும் ஒன்றோடு நிறுத்தவேண்டும். அவர் மருந்து என்ன, அளவு என்ன என்று தெரியாமல் இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

சும்மாஎட்டிப்பார்த்தேன் | சனி, இரவு 9.20

ஆறாவது குக்கீயைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறேன்.

பசலைக்கீரை | சனி, இரவு 10.05

உங்கள் மகள் வயதுதான் எனக்கு, வீகன் ஆகி நான்கு வருடம். அம்மா தேன் போட்ட குக்கீயைத் தொடாமல் வைத்தது நானாகவும் இருந்திருக்கலாம், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

தேன் தேனீயிடம் இருந்து எடுப்பது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம். பேரீச்சம்பழத்தைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்து அரைத்தால் தேனின் வேலையை முழுதாகச் செய்யும், வடித்த தண்ணீரை மட்டும் மறுபடி ஊற்றாதீர்கள், அடுப்படிவாசி திட்டுவார்.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை நம்பவேண்டாம் ஆன்ட்டி. பச்சைப் புள்ளி என்றால் சைவம், அதில் பால் இருக்கலாம், தேனும் இருக்கலாம். 2022ல் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது, அதற்கு இலையோடு கூடிய ஒரு பச்சை "வி" முத்திரை உண்டு. அது எல்லாப் பொட்டலத்திலும் இருக்காது, எனவே பின்பக்கம் பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். டார்க் சாக்லேட்டில் பால் பொருள் கலந்தது நிறைய வருகிறது. மார்ஜரின் சிலவற்றிலும் உண்டு. டூட்டி ஃப்ரூட்டி வீகன்தான், ஆனால் அது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் போட்டது, பழம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

ஆளி விதையை முழுதாகப் போட்டால் பிசின் சரியாக இறங்காது. பொடித்து, ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு பத்து நிமிடம் வைத்தால் முட்டை வெள்ளை மாதிரி கொழகொழவென்று ஆகும், ஒரு முட்டைக்குப் பதில் அது. வாழைப்பழம் போடுகிற குறிப்பில் தண்ணீர் வேண்டாம், பொடியை அப்படியே தூவினால் பழத்தின் ஈரத்தை அதுவே குடித்துக்கொள்ளும். அரைத்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஃபிரீசரில் வையுங்கள்.

ஏத்தன்பழம் | சனி, இரவு 10.20

உலர்ந்த அத்திப்பழம் போடலாமா? அத்திக்குள் குளவி இருக்கும், அதனால் அதுவும் வீகன் இல்லை என்று யாரோ சொன்னார்கள்.

பசலைக்கீரை | சனி, இரவு 10.40

சில அத்தி வகையில் குளவி உள்ளே நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கும், வெளியே வரமுடியாமல் அங்கேயே சாகும், பழம் அதைச் செரித்துவிடும். மகரந்தமே தேவைப்படாத வகைகளும் நிறையப் பயிராகின்றன. வீகன்களில் ஒரு சிலர் அத்தியை விட்டுவிடுகிறார்கள், நான் சாப்பிடுகிறேன், இயற்கையில் நடப்பதற்கு நான் என்ன செய்ய. வீட்டில் இதைச் சொன்ன நாளில் இருந்து அப்பாதான் அத்தி சாப்பிடுவதில்லை!

குக்கர்குமார் | ஞாயிறு, காலை 7.30

ஓடிஜி இல்லாத ஜாதி நாங்கள். பேச்சிலர் ரூம், ஒரு அடுப்பு. பழைய கனமான இரும்புக் கடாயில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட், மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குவேன். குக்கீயை எண்ணெய் தடவிய தட்டில் வைத்து உள்ளே இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து 20 நிமிடம். நடுவில் ஒருமுறை மூடியின் உள்பக்க ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, குக்கீயைத் திருப்பிப் போடவேண்டும், சூடு கீழே இருந்து மட்டும்தான் வருகிறது. கலர் ஓவன் மாதிரி வராது, ருசி வரும். பிரஷர் குக்கரிலும் செய்வார்கள், ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு. நான் செய்து என் குக்கர் அடி கறுத்தது, அதனால் கடாய். நான்ஸ்டிக்கைக் காலியாக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள்.

என் சந்தேகம் வேறு. சூரியகாந்தி விதை போட்டு, உப்பி வரட்டுமே என்று ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன் போட்டேன். அன்று நன்றாக இருந்தது. மறுநாள் உடைத்தால் உள்ளே பச்சை. பூஞ்சை என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டேன். ஒரே நாளில் பூஞ்சை பிடிக்குமா?

அடுப்படிவாசி | ஞாயிறு, காலை 8.15

ஐயோ, நல்ல குக்கீயைக் கொட்டிவிட்டாய் தம்பி. அது பூஞ்சை இல்லை. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது, ஆப்ப சோடாவின் காரத்தன்மையோடு சேர்ந்தால் ஆறிய பிறகு பச்சையாக மாறும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பூஞ்சை என்றால் மேலே பஞ்சு மாதிரி புள்ளி புள்ளியாக வரும், வாடையும் வரும். உன்னுடையது விதையைச் சுற்றி உள்ளேதான் பச்சையாக இருந்திருக்கும். சோடாவைக் கால் டீஸ்பூனுக்குக் குறை, அல்லது பேக்கிங் பவுடர் போடு. தட்டிச் சுடுகிற குக்கீக்கு இரண்டும் இல்லாமலே சரியாக வரும். ஒரு டீஸ்பூன் சோடா இந்த அளவுக்கு ரொம்ப ஜாஸ்தி, நாக்கில் சோப்பு மாதிரி ருசி அடித்திருக்குமே?

குக்கர்குமார் | ஞாயிறு, காலை 8.21

அடித்தது. பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று ரூம்மேட்டோடு சண்டை போட்டேன்.

மெல்பர்ன்தாத்தா | ஞாயிறு, காலை 9.00

மீனா, முதல் பதிவில் மொறுமொறுப்பு கேட்டாயே அம்மா, அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாழைப்பழம் போட்டால் மொறுமொறுப்பு வராது. எவ்வளவு நேரம் சுட்டாலும் ஒன்று மெத்தென்று இருக்கும், இல்லையென்றால் ரப்பராகும். கடக்கென்று உடையவேண்டும் என்றால் சர்க்கரை பாகாக உருகி ஆறும்போது கண்ணாடியாக இறுகவேண்டும். கடலை மிட்டாயின் கதைதான்.

நாங்கள் இருக்கும் ஊரில் ஆன்சாக் பிஸ்கட் என்று ஒன்று உண்டு. முதல் உலகப்போர்க் காலத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைவீரர்களின் பெயரைத் தாங்கியது, ஏப்ரல் 25 வந்தால் வீட்டுக்கு வீடு சுடுவார்கள். ஓட்ஸ், மாவு, உலர்ந்த தேங்காய்த் துருவல், சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப் (தேன் மாதிரி இருக்கும் சர்க்கரைப் பாகு), கொதிநீரில் கரைத்த ஆப்ப சோடா, அவ்வளவுதான், முட்டையே கிடையாது. வெண்ணெயை மாற்றினால் வீகன். அந்தப் பெயருக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, விற்பவர்கள் பழைய செய்முறையை மாற்றக்கூடாது, "குக்கீ" என்று போடவும் கூடாது, பிஸ்கட்தான். அதனால் நான் செய்வதை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை, என் பேத்தி "தாத்தா பிஸ்கட்" என்கிறாள்.

ஓட்ஸ் 100 கிராம், கோதுமை மாவு 120, தேங்காய்த் துருவல் 60, கருப்பட்டி 120, தேங்காய் எண்ணெய் 90 கிராம், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, சோடா அரை டீஸ்பூன். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி (மண் இருக்கும்), எண்ணெயோடு ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்துவிட்டுச் சோடாவைப் போடு. புஸ்ஸென்று நுரைத்துப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஏறும், பெரிய பாத்திரம் வை. நான் முதல்முறை சின்னப் பாத்திரம் வைத்து அடுப்பு முழுக்கக் கருப்பட்டி. அந்த நுரையை அப்படியே உலர் பொருளில் ஊற்றிக் கிளறி, எலுமிச்சை அளவு உருட்டித் தட்டி, 160 டிகிரி, 15 நிமிடம். முந்திரியும் வேர்க்கடலையும் இடித்துப் போடுவேன். ஆறினால் உடைக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆஸ்திரேலியக் குறிப்பில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி, மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் எந்த ஊர் வீடியோ என்றும் பார்க்கவேண்டும்.

சர்க்கரைக்கணக்கு | ஞாயிறு, காலை 9.40

தாத்தா, 120 கிராம் கருப்பட்டி, 90 கிராம் எண்ணெய்! சண்டைக்கு வரவில்லை, ஆனால் இதை யாரும் ஆரோக்கியம் என்ற பெயரில் பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கவேண்டாம்.

மெல்பர்ன்தாத்தா | ஞாயிறு, காலை 9.55

ஆரோக்கியம் என்று நான் எங்கே சொன்னேன். பிஸ்கட் என்றுதானே சொன்னேன்.

பேரில்லாதவள் | ஞாயிறு, முற்பகல் 11.10

எல்லோரும் ஓட்ஸ் ஓட்ஸ் என்கிறீர்களே, நம் கம்பு, சோளம் எல்லாம் என்ன பாவம் செய்தது? கடையில் கம்பு அவல் கிடைக்கிறது, அதில் செய்யலாமே.

அடுப்படிவாசி | ஞாயிறு, மதியம் 12.30

செய்து பார்த்தேன். ருசி அருமை, ஆனால் கையில் எடுத்தால் உதிர்ந்து விபூதி. சர்க்கரைக்கணக்கு சொன்ன பீட்டா குளுக்கான்தான் ஓட்ஸுக்குள் இருக்கும் பசை, கஞ்சி வைத்தால் நூல் இழுக்கிறதே, அதுவே. கம்பில் அந்தக் கொழகொழப்பு கிடையாது. பாதி ஓட்ஸ், பாதி கம்பு அவல், ஆளி விதை இரண்டு மேசைக்கரண்டி என்று போட்டால் நிற்கிறது. முழுக்கக் கம்பு வேண்டுமென்றால் உருண்டையாகப் பிடித்து லட்டு என்று பெயர் வைத்துவிடுங்கள், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் இல்லைதான், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) உள்ளவர்கள் குளூட்டன் ஃப்ரீ என்று போட்ட பாக்கெட்டைத்தான் வாங்கவேண்டும், அப்போதும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. சிலருக்கு ஓட்ஸில் இருக்கும் அவெனின் என்ற புரதமே ஒத்துக்கொள்வதில்லை.

கோவைமீனா | ஞாயிறு, இரவு 8.15

இரண்டாவது முயற்சியின் அறிக்கை.

நேந்திரம் போட்டேன், எடை பார்த்து 150 கிராம். தராசு இல்லை, எதிர்வீட்டில் நகை எடை பார்க்கும் குட்டித் தராசு ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் கிண்ணம் கிண்ணமாக நிறுத்தேன், அந்த அம்மா என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். ஓட்ஸ் வறுத்தபோதே வீடு மணத்தது. அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், நேற்று கரண்டியில் இருந்து வழிந்த சமாச்சாரம் இன்று கையில் உருண்டையாக நிற்கிறது. வடை மாதிரி தட்டினேன்.

சுட்டு எடுத்தால் உருவம் பிரமாதம், ஓரம் சிவந்திருக்கிறது, உள்ளே மெத்தென்று, ஈரம் இல்லை. ஆனால் இரண்டு குறை. மேலே தெரிந்த திராட்சை எல்லாம் உப்பி, கருகி, கசக்கிறது. அடியும் இன்னும் கொஞ்சம் கறுக்கிறது. வால்நட்டிலும் ஏதோ ஒரு வாடை.

அடுப்படிவாசி | ஞாயிறு, இரவு 8.40

திராட்சையைப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, துணியில் ஒற்றி, பிறகு சேருங்கள். தட்டும்போது மேலே எட்டிப்பார்ப்பதை உள்ளே அமுக்கிவிடுங்கள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், பண்டிகை நாளுக்கு.

அடி கருகுவதற்கு ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டை வைத்து, பட்டர் பேப்பர் போட்டுச் சுடுங்கள். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும். ஓடிஜியின் திருகு 170 காட்டினால் உள்ளே 170 என்று அர்த்தமில்லை. என்னுடையது இருபது டிகிரி பொய் சொல்லும். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துப் பாருங்கள். விசிறி ஓடுகிற மாடல் என்றால் இருபது டிகிரி குறைத்தே வையுங்கள்.

வால்நட் வாங்கும்போதே சிக்குப் பிடித்திருக்கும். வாங்கியதும் ஒன்றை மென்று பாருங்கள், பழைய எண்ணெய் ருசி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொட்டைகளைத் தனியாக 160 டிகிரியில் எட்டு நிமிடம் வறுத்து, ஆறியதும் கையால் உடைத்துப் போடவேண்டும். கத்தியால் பொடியாக நறுக்கினால் பல்லுக்கு ஒன்றும் அகப்படாது. மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஜாடியில் வைத்து அழகு பார்க்கவேண்டாம்.

பசலைக்கீரை | ஞாயிறு, இரவு 9.05

ஆன்ட்டி, ஹாஸ்டலுக்குக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் இந்தப் பழம் போட்டதைக் கொடுக்காதீர்கள். என் அம்மா டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினார், ஐந்தாம் நாள் திறந்தால் நிஜமாகவே பூஞ்சை, பஞ்சு பஞ்சாக. வெளியில் இரண்டு, மூன்று நாள்தான், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். ஹாஸ்டலுக்குத் தாத்தா பிஸ்கட், வீட்டுக்கு வாழைப்பழக் குக்கீ. சுடாத உருண்டையை ஃபிரீசரில் போட்டு வைத்தால் அவள் வருகிற அன்று எடுத்துத் தட்டிச் சுடலாம், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக.

கோவைமீனா | வியாழன், இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்றாவது தட்டு செவ்வாயன்று போட்டேன். இரண்டு தட்டு, ஊறிய திராட்சை, வறுத்த பாதாம், முந்திரி, வால்நட்டுக்குப் பதில் வறுத்த எள் இரண்டு கரண்டி. மகள் நின்றுகொண்டே மூன்று சாப்பிட்டாள், சர்க்கரைக்கணக்கு கோபித்துக்கொள்ளவேண்டாம். மாமியாருக்குத் தனியாக நாலு தட்டினேன், "இதில் இனிப்பே இல்லையே" என்று புகார், ஆனால் தட்டு காலி.

நேற்று தாத்தா பிஸ்கட். நுரை பற்றி அவ்வளவு சொல்லியும் பாத்திரம் சின்னதாகத்தான் வைத்தேன், அடுப்பு துடைக்க அரை மணி. மற்றபடி சத்தம் அவர் சொன்ன மாதிரியே கேட்கிறது. ஒரு டப்பா கட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போகிறது. அறையில் நான்கு பேர், அதனால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற கேள்வியே இல்லை என்கிறாள்.

சும்மாஎட்டிப்பார்த்தேன் | வியாழன், இரவு 9.41

எல்லாம் சரி, அந்த முதல் தட்டு, தேன் போட்டது, அது என்ன ஆச்சு?

கோவைமீனா | வியாழன், இரவு 9.50

மறுநாள் காலையில் சூடான பால் ஊற்றி, கேட்டு வாங்கிய அதே ஸ்பூனால் கணவர் முடித்துவிட்டார். இப்போது அதையும் ஒருமுறை செய்யச் சொல்கிறார், நாலு பழம் போட்டு.